ஊர்ப் பெயர் சொல்லாத பாட்டு

ஜூன் 12, 2023, திங்கள்

கோவையிலிருந்து எங்களுக்குக் கேட்கும் தனியார் பண்பலை இன்று காலை முதல் அடியோடு மாறிவிட்டது. அலைவரிசை அதேதான், பெயரும் அதேதான். 6 மணி பக்திப் பாடல் இல்லை. மதியம் 2 மணிக்கு எழுபது, எண்பதுகளின் பாட்டு இல்லை. இரவு 9 மணிக்கு நேயர்கள் விரும்பிக் கேட்கும் பழைய பாடல்களும் இல்லை. நாள் முழுக்க இந்த வருஷத்துப் பாட்டு, போன வருஷத்துப் பாட்டு. ஒரு வாரமாகவே "திங்கள் முதல் எல்லாமே புதுசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒரு நிகழ்ச்சி வரும் என்று நினைத்தோம். இருந்ததையெல்லாம் எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கவில்லை.

நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. யாரையும் வம்புக்கு இழுக்க இந்த நோட்டை எடுக்கவில்லை. வீட்டில் ஏதோ ஒன்று போய்விட்டது, அது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும்.

"என்ன கண்ணு, ரேடியோக்காரங்க வீடு மாத்திட்டுப் போயிட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

ஜூன் 13

ஒரே பாட்டு காலையில், மதியம், விளக்கு வைக்கும் நேரத்தில்.

ஜூன் 17, சனி

அம்மாவுக்கு 78 வயது. கண்ணில் பிரஷர். வலது கண் பார்வை முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணுக்கு ஜன்னல் இருக்கும் திசை தெரியும், ஆள் நிற்பது நிழலாகத் தெரியும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. இத்தனை காலமும் அதை அம்மாவே பார்த்துக்கொண்டாள். யாரும் நினைவுபடுத்தக் கூடாது, அது அவளுக்குப் பிடிக்காது. பக்திப் பாடல் முடிந்து முதல் விளம்பரம் வந்தால் காலைச் சொட்டு. பழைய பாடல் நிகழ்ச்சியின் முகப்பு இசை வந்தால் இரவுச் சொட்டு. மதிய நிகழ்ச்சி முடிந்தால் நான் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பப் போகிறேன் என்று அவளுக்குக் கணக்கு. பார்வை மங்க மங்க அவள் நாளை ரேடியோவை வைத்துத்தான் நடத்தியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும் நான் அதை இந்த வாரம்தான் பார்க்கிறேன்.

நேற்று ஏழு மணிக்கே சொட்டு போட்டுவிட்டாள். ஒன்பது மணிக்கு நான் கேட்டதும் போடவில்லை என்று நினைத்து மறுபடி போட்டாள். இன்று காலை போடவே இல்லை. "மணி எத்தனை அம்முணி?" என்று ஓயாமல் கேட்கிறாள். கேட்டுவிட்டு, கேட்டதற்காக வருத்தப்படுகிறாள்.

போனில் அலாரம் வைத்தேன். அலாரம் அடித்தால் பதறி எழுந்து உட்காருகிறாள். "இது எதுக்குடி அடிக்குது? யாருக்கு என்னாச்சு?"

ராத்திரி தூக்கம் இல்லை.

ஜூன் 21, புதன்

கடைத்தெருவில் போகும்போதெல்லாம் கேட்டுப் பார்க்கிறேன். தையல் கடைக்கார அக்கா மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: "பழைய பாட்டுன்னா கை அது பாட்டுக்குத் தைக்கும் டீச்சர். இப்ப ரெண்டு தரம் ஓரம் பிரிச்சுத் தைச்சேன்." பேக்கரியில் இருக்கும் பையனுக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் டீச்சர், கேக்கற மாதிரி போடறாங்க" என்றான். சொல்லும்போது அவன் முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது. தென்னந்தோப்பில் கள் இறக்கும் அண்ணன் மரத்தடியில் பெட்டியைப் பாட விட்டுத்தான் ஏறுவார். "கீழே பாட்டு கேட்டா கீழே வீடு இருக்கற மாதிரிங்க" என்றார். இப்போது பெட்டியைக் கொண்டு வருவதில்லை.

கேரளப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குக் கோவைப் பாட்டு இத்தனை தெளிவாக வருவதற்கு மலைதான் காரணம், சரியாகச் சொன்னால் மலை இல்லாதது. பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகும், குறுக்கே மலை நின்றால் தடைபடும். தெற்கே ஆனைமலை, வடக்கே நீலகிரி, நடுவில் 25, 30 கிலோமீட்டருக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. அந்த வழியாகத்தான் ஆடிக்காற்று அந்தப் பக்கம் போகிறது, பாட்டு இந்தப் பக்கம் வருகிறது. வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் லாரியை நிறுத்திப் பார்க்கும் செக்போஸ்ட்டுகள் இருந்த காலத்திலும் பாட்டை யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை.

ஜூன் 25, ஞாயிறு

அம்மா இன்று நிறையப் பேசினாள். எல்லாம் சிலோன் ரேடியோ பற்றி.

நானும் படித்துப் பார்த்தேன். 1952-இல் பி.வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் அதன் நேரத்தைக் குறைத்தார். பாட்டோடு படத்தின் பெயரைச் சொல்லுவது விளம்பரம், அதைச் சொல்லக் கூடாது என்று தகராறு வந்தது. தயாரிப்பாளர்கள் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். கொஞ்ச நாளில் சினிமாப் பாட்டே ஏறக்குறைய நின்றுபோனது. அந்த இடத்தில் சாஸ்திரிய சங்கீதமும், வானொலியே தயாரித்த மெல்லிசையும் வந்தன.

கேட்டவர்கள் போராட்டம் நடத்தவில்லை, மனுவும் கொடுக்கவில்லை. முள்ளைத் திருப்பிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்புக்குப் பக்கத்தில் அமைத்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி அப்போது இலங்கை வானொலியின் கையில் இருந்தது. இந்தியா முழுக்க அதைக் கேட்டது. இந்திக்காரர்களுக்கு 1952 டிசம்பரில் பினாகா கீத்மாலா தொடங்கியது. நமக்கு எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல், பின்னால் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது. காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி. 1957 அக்டோபர் 3-இல் டெல்லி விவித் பாரதியைத் தொடங்கியது, சினிமாப் பாட்டு திரும்பி வந்தது. தேசத்தின் அமைச்சர் ஒருவர் ஐந்து வருஷத்தில் நேயர்களிடம் தோற்றுப்போனார்.

அம்மாவுக்கு அப்போது 12 வயது. எங்கள் ஊர் முன்பு கொச்சி ராஜ்யம். 1956 நவம்பர் 1-இல் கேரளம். "அந்த வருசம் எந்த ராச்சியம்னு எங்கப்பாருக்கே சரியாத் தெரியாது. ஆனா டீக்கடை ரேடியோவுல சிலோன் எந்த இடத்துல வரும்னு குஞ்சு குளுவானுக்கெல்லாம் தெரியும்" என்றாள். சொல்லும்போதே வலது கை காற்றில் ஒரு குமிழைத் திருகியது.

ஜூன் 28

சொட்டு இரண்டு வேளையும் நான்தான் போட்டுவிடுகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஜூலை 2, ஞாயிறு

பரணில் பழைய டிரங்குப் பெட்டியைத் துழாவியபோது அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. உள்ளங்கை அளவு. அட்டை ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. உள்ளே அப்பா பெயர், வீட்டு விலாசம், ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒட்டிய லைசென்ஸ் ஸ்டாம்ப், அதன் மேல் தபால் ஆபீஸ் முத்திரை. சில முத்திரையில் ஊர்ப் பெயர் தெளிவாக இருக்கிறது, சிலதில் மை பரவிவிட்டது. வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டிவிட்டுத்தான் வீட்டில் ரேடியோ வைத்திருக்க முடியும். கட்டாவிட்டால் அபராதம். 1980-களில்தான் அதை எடுத்தார்கள்.

அந்தக் கட்டணம் ஏழைக்குப் பாரம்தான், போனது நல்லதுதான். ஆனால் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் இந்த வீட்டில் ஒருவர் ரேடியோ கேட்கிறார் என்று அன்று ஒரு சர்க்கார் ஏட்டில் எழுதியிருந்தது. இன்று அம்மா கேட்கிறாள் என்பதற்கு எங்கே எழுத்து இருக்கிறது?

ஜூலை 5, புதன்

திருவனந்தபுரத்தில் அனந்தபுரி எஃப்.எம். நிறுத்தப்பட்டுவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் மலையாளம் டீச்சர் சொன்னார். அவர் சொந்த ஊர் அந்தப் பக்கம். ஆகாசவாணியின் பண்பலை, 2005-இல் தொடங்கியது. பாட்டும் பேச்சுமாக ஊரோடு ஒன்றிப்போன நிலையம். இனி அந்த 101.9-இல் திருவனந்தபுரம் நிலையத்தின் வழக்கமான நிகழ்ச்சிகள்தான் வருமாம். நேயர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தமிழ்ப் பாட்டு தெரியாது, எனக்கு அவர் சொன்ன நிகழ்ச்சிகள் தெரியாது. இருவரும் ஒரே துக்கத்தைப் பேசிக்கொண்டிருந்தோம்.

அங்கே சர்க்கார் நிலையம், இங்கே தனியார். ஒருவருக்கு டெல்லியின் முடிவு, இன்னொருவருக்கு விளம்பரக் கணக்கு. கேட்பவரிடம் இருவருமே கேட்கவில்லை.

ஜூலை 6

காற்று. ஓடு பறந்தது. வேறொன்றும் இல்லை.

ஜூலை 16, ஞாயிறு

தம்பி திருப்பூரிலிருந்து வந்தான். அம்மா படும் பாட்டைப் போனில் சொல்லியிருந்தேன். கையோடு ஒரு கேரவான் பெட்டி வாங்கி வந்திருக்கிறான். பார்க்க ரேடியோ மாதிரியே இருக்கிறது, உள்ளே 5000 பழைய பாட்டு. கண்டசாலா, பி. சுசீலா, டி.எம்.எஸ்., பி.பி. ஸ்ரீநிவாஸ் எல்லாரும் இருக்கிறார்கள். விளம்பரமே கிடையாது. அம்மாவின் விரலைப் பிடித்துக் குமிழில் வைத்து எப்படித் திருப்ப வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். நல்ல பிள்ளை. அம்மாவும் ஆசையாகக் கேட்டாள். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, ஐந்தாறு பாட்டு.

அவன் கிளம்பிப் போனதும் என்னைக் கூப்பிட்டாள்.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா யாரு விரும்பிக் கேட்டாங்கன்னு சொல்லவே மாட்டேங்குது. ஊர்ப் பேரே வரமாட்டேங்குது."

இரவு நிகழ்ச்சியில் பாட்டுக்கு முன்னால் பெயரும் ஊரும் படிப்பார்கள். நல்லேப்பிள்ளி, எருத்தேன்பதி, வண்ணாமடை, வடகரப்பதி, பொள்ளாச்சி, கிணத்துக்கடவு. அம்மா பாட்டைவிட அதைத்தான் உன்னிப்பாகக் கேட்டிருக்கிறாள். வேலந்தாவளத்தில் சித்தி இருக்கிறாள். நடக்க முடியாது. எட்டு மணிக்கே படுத்துக்கொண்டாலும் தலைமாட்டில் அதே நிலையம் ஓடும். தனக்குப் பிடித்த பாட்டு வந்தால் அம்மா, "இப்ப உங்க சித்தியும் முழிச்சிருப்பா" என்பாள். மறுநாள் போனில் இருவரும் அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசுவார்கள்.

இந்த ஒரு மாதத்தில் சித்தியின் போன் எத்தனை குறைந்துவிட்டது என்று இப்போதுதான் உறைத்தது.

ஜூலை 23, ஞாயிறு

வீட்டில் சண்டை. மகள் சமையலறையில் புதுப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் ஒரு பாட்டா, அமுச்சி படுத்திருக்காங்க இல்ல?" என்று அணைத்துவிட்டேன்.

அவள் கத்தவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒரு மந்திரி சினிமாப் பாட்டே வேண்டாம்னு நிறுத்தினாருன்னு போன மாசம் நீதானேம்மா சொன்னே. அவருக்கு அமுச்சி கேட்ட பாட்டு பாட்டா தெரியலை."

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு திருத்தினேன்.

சாயங்காலம் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனில் தேடிக் காட்டினாள். நியூயார்க்கில் டபிள்யூ.என்.சி.என். என்று ஒரு பண்பலை, மேல்நாட்டுச் சாஸ்திரிய இசை மட்டும் போடுவது. 1974 நவம்பரில் ஒரே நாளில் ராக் இசைக்கு மாறிவிட்டது. நேயர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். அடுத்த வருஷமே பழைய இசை திரும்பியது. ஆனால் நிலையம் எந்த இசையைப் போட வேண்டும் என்பதில் அரசு தலையிடலாமா என்ற வழக்கு அவர்கள் பெயரிலேயே உச்ச நீதிமன்றம் வரை போய், 1981-இல் தீர்ப்பானது. இசை வகையைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிடும் கொள்கை செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

லண்டன் கதை வேறு. 2010-இல் பிபிசி தன் 6 மியூசிக் நிலையத்தை மூடப்போவதாக அறிவித்தது. நேயர்கள் கடிதமும் மின்னஞ்சலுமாகக் குவித்தார்கள். சில மாதங்களில் பிபிசி அறக்கட்டளை அந்தத் திட்டத்தை நிராகரித்தது. நிலையம் இன்றும் ஓடுகிறது.

"அங்க எல்லாரும் எழுதினாங்கம்மா" என்றாள் மகள்.

ஜூலை 29, சனி

நிலையத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகவே பேசினாள்.

"எந்த ஊருங்க மேடம்?"

"கொழிஞ்சாம்பாறை."

"அது கேரளாங்களா?"

"ஆமாம்மா. நாங்க தமிழ்தான். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடமே இருக்கு, நான் அதிலேதான் வேலை பார்க்கிறேன்."

"இல்லைங்க மேடம், எங்க லிஸ்ட்ல கேரளா வராதுங்க. நோட் பண்ணிக்கறேன்."

அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவள் சொன்னது உண்மை. தனியார் பண்பலைக்கு உரிமம் நகரத்தின் பேரில்தான் கொடுக்கிறார்கள், ஏலமும் நகரத்தின் பேரில்தான். விளம்பரம் கொடுப்பவர் வாங்குவது கோவையின் காதுகளை. கணவாய் வழியாக எங்களுக்குக் கேட்பது உரிமத்தில் எழுதாத உபரி. நாட்டிலேயே வானொலி நேயர்களை எண்ணுவதற்கென்று 2007-இல் வந்த ராம் கணக்கெடுப்பு பெங்களூரு, டெல்லி, மும்பை, கொல்கத்தா என்ற 4 பெருநகரங்களைத்தான் எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுத்த ஆட்களிடம் ஒரு நாட்குறிப்பு ஏட்டைக் கொடுத்து, எப்போது எந்த நிலையம் கேட்டாய் என்று எழுதச் சொல்வது அதன் முறை. அந்த ஏடு கோவைக்கே வரவில்லை. கொழிஞ்சாம்பாறைக்கு எங்கே வரும்?

இந்த நோட்டை யாரும் என்னிடம் கேட்டு வாங்கப்போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அப்பாவின் பழைய பிலிப்ஸ் பெட்டியைத் துடைத்து பேட்டரி போட்டேன். மத்திய அலையில் கோவை வானொலி, 999 கிலோஹெர்ட்ஸ். முதலில் வெறும் கரகரப்பு. மகள்தான் கண்டுபிடித்தாள், எல்.இ.டி. பல்பை அணைத்தால் இரைச்சல் பாதி குறைகிறது. பெட்டியின் உள்ளே கருப்பாக ஒரு ஃபெரைட் குச்சி, அதன் மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். மத்திய அலையைப் பிடிப்பது அதுதான், வெளியே நீட்டும் ஏரியல் அல்ல. அதனால் பெட்டியையே திருப்ப வேண்டும். ஜன்னல் திட்டில் வைத்து மெல்ல மெல்லத் திருப்பினோம். ஒரு கோணத்தில் சட்டென்று ஒரு மனிதக் குரல் தெளிந்து வந்தது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். விவசாயச் செய்தி, பிறகு செய்தி அறிக்கை, நடுவில் நேரம் சொன்னார்கள். நேரம்! அதற்காகவே அந்தப் பெட்டியைக் கும்பிடலாம். இரவுச் சொட்டைச் செய்தி முடிந்ததும் அவளே போட்டுக்கொண்டாள். கிட்டே போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பாட்டு கொஞ்சம்தான் வந்தது. நாங்கள் மூவரும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்ட் 9

இன்று கரகரப்பு மட்டும்தான். பக்கத்து வீட்டில் புது பல்பு.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேலந்தாவளம் போனேன். சித்தி இளைத்துவிட்டாள். அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் உடம்பு, பிறகு மருந்து, பிறகு ரேடியோ. "ராத்திரி அவங்க போனப்புறம் பேச்சுத் துணைக்கு ஆளே இல்லாத மாதிரி ஆயிருச்சுக்கா" என்றாள் சித்தி. சித்தியின் பேரன் ஒரு ஓரத்தில் புதுப் பாட்டுக்குக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அதே நிலையம்தான். "இதை யாருடா கேட்டாங்க?" என்று அம்மா அவனிடம் கேட்டாள். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "பாட்டு நல்லா இருக்குதா சாமி?" என்றாள் அடுத்து. "சூப்பரா இருக்கு பெரியாத்தா" என்றான். "அப்ப கேளு" என்று சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மூணாறில் இருக்கும் தோழியிடம் பேசினேன். அவர்களுக்குத் தேவிகுளம் ஆகாசவாணி 101.4, கொடைக்கானலிலிருந்து கோடைப் பண்பலை 100.5. தோட்டத்து லயங்களில் இன்னும் பாட்டுக் கேட்டு எழுதுகிறார்களாம். கேட்கப் பொறாமையாக இருந்தது.

எங்கள் நிலையம் மாறிய பாட்டிலேயே இருக்கிறது. அம்மாவின் சொட்டு பாதி நாள் அவள் கணக்கில், பாதி நாள் என் கணக்கில். இதற்கு ஒரு முடிவு இன்னும் வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. 1995 பிப்ரவரியில் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில் நம் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று சொன்னது. பொது நன்மைக்காகத்தான் அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்றது. நிலையம் கட்டணம் கட்டி அந்தச் சொத்தை நடத்துகிறது, சொத்து நம்முடையது. புதுப் பாட்டு போடட்டும். என் மகளுக்கும் சித்தியின் பேரனுக்கும் பேக்கரிப் பையனுக்கும் அது வேண்டும். நாளின் 24 மணி நேரத்தில் ஒரு மணி நேரம், இரவு 9 மணிக்கு, கேட்டவர் பெயரும் ஊரும் சொல்லி ஒரு பழைய பாட்டு போடுவதால் எந்த நிலையமும் நஷ்டப்படாது.

கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-இன் ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. வானொலி நிலையத்துக்கு எழுத எந்தச் சட்டமும் தேவையில்லை. அஞ்சலட்டை இன்றும் 50 பைசாதான். சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் எல்லை தாண்டி வரும் பாட்டைக் கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஓர் அட்டை எழுதுங்கள். என்ன பாட்டு வேண்டும், எத்தனை மணிக்குக் கேட்கிறீர்கள், உடன் யார் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.